பதினெட்டு வாடகை

இசக்கிராஜாவுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவனும் மனைவி பிரேமாவும் கைப்பேசியிலிருந்த ஏஐ ஆலோசகரிடம் ஒவ்வொரு தொழிலாகச் சொல்லிப் பார்த்தார்கள். இட்லி மாவுக் கடை என்றதும், எட்டு மாதத்தில் மூடிவிடுவீர்கள் என்றது. தையல் கடைக்கு ஐந்து மாதம் கொடுத்தது. ஊரில் எந்த வீட்டில் எப்போது என்ன நடக்கும் என்பது அதற்கு அத்துப்படி. அது சொல்லி ஒன்றும் தப்பியதில்லை.

"அப்ப எதுதான் ஓடும்? நீயே சொல்லித் தொலை," என்றான் இசக்கிராஜா.

"சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுங்கள். உங்களைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் அடுத்த ஒரு வருடத்தில் பத்தொன்பது வீடுகளுக்குத் தேவைப்படும். உங்களுக்குப் பதினெட்டு வாடகை வரும். ஒரு பெட்டி போதும், ஒரே நாளில் இரண்டு சாவு விழாது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, போட்டிக்கு ஆளே இல்லாத தொழிலு," என்று நோட்டை எடுத்துப் பெட்டிக்கு மேல் எழுத வேண்டிய கடைப் பெயரை யோசிக்க ஆரம்பித்தான்.

பிரேமாவுக்குத்தான் கணக்கு இடித்தது. "பத்தொன்பது வீடுன்னா வாடகை ஏன் பதினெட்டு?"

"சொந்த உபயோகத்துக்கு வாடகை கிடையாது," என்றது ஆலோசகர்.

இசக்கிராஜாவின் பேனா நின்றது. மூவரில் யாருக்கு என்று கேட்கப் போனவனைப் பிரேமா கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர்கள் காலடியில் குப்புறப் படுத்தபடி ஆறு வயது மகள் தர்ஷிகா யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேமா மகளைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"வாங்க வேண்டியது பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியான்னு மட்டும் கேளுங்க."