தும்மலுக்குப் பதில்

மடவளையில் மழை விட்டும் கூரைத் தகரம் இன்னும் சொட்டுகிறது. மஸாஹிரா கொதித்த சட்டியைக் கதிரையில் இறக்கிவைத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, சால்வையால் தலையை மூடிக் குனிகிறாள். நொச்சியிலை வாசம் அடைத்த மூக்குக்கு எட்டவில்லை. ஆவி கண்ணை மட்டும் கரிக்கிறது. மெத்தையில் கிடக்கும் போனில் கட்டாரிலிருந்து மகள் ஜஹானா, "கொத்தமல்லி அவிச்சிக் குடிங்க உம்மா, பொறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். காலையில் அவித்த கொத்தமல்லி யன்னலோரம் ஆறிக் கிடக்கிறது. சூடாக்கித் தர ஆளில்லை. தும்மல் வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறாள், பழக்கத்தில், முன் அறைக்குக் கேட்கும்படி. போன நோன்பில் மவுத்தாகி அடக்கமான கணவர் சாஹுல் ஹமீது, அவளோடு முகங்கொடுத்துப் பேசாத நாட்களில்கூட, அங்கிருந்து "யர்ஹமுகல்லாஹ்" என்று பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சால்வைக்குள் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள். கூரை சொட்டுகிறது. மறுபடி தும்மல்; மறுபடி, இன்னும் உரக்க, "அல்ஹம்துலில்லாஹ்". முன் அறையில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. சட்டியில் ஆவி அடங்குகிறது. மூன்றாவது தும்மலுக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.