ஈயம் சீவும் கத்தி

மொண்டானா மலைப்பாதையில் நடுப்பகல் வெயில் பனிமேல் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சுமையோடு சறுக்கிய கோவேறு கழுதை டிலி பாறைச் சரிவில் கிடக்கிறது. முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிகிறது. பதினோரு வருஷமாக அதை ஓட்டும் வெர்னா அதன் வேதனையை முடிக்க, துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளும் லீவரை மூடப் பார்க்கிறாள். லீவர் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து நின்றுவிடுகிறது. தோட்டா நீளம் அதிகம். குண்டின் மூக்கு குழலுக்குள் முட்டுகிறது.

"கரடிக்குன்னு இந்தத் தோட்டாவ வாங்கினேன்," என்கிறான் கூட ஓட்டும் ஓரின். "கனமான குண்டுதானே நல்லதுன்னு..."

"உன் மண்டைக்குள்ள இருக்கிற ஈயம் பத்தாதாய்யா? ஒண்ணையாவது போட்டுப் பாத்தியா?"

"இல்ல வெர்னா."

"பழைய தோட்டா எங்க?"

"கூடாரத்துல. போய்வர நாலு மணி நேரமாகும்."

டிலி முனகுகிறது. வெர்னா தோட்டாவை நெம்பி எடுக்கிறாள். குண்டு வெறும் ஈயம்தான், கத்திக்கு மசியும். கையுறையைக் கழற்றி, டிலியின் தலையருகே முட்டிபோட்டு, மடக்குக் கத்தியைத் திறக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு டிலியின் காதுகள் இரண்டும் அவள் பக்கம் திரும்புகின்றன. தினமும் இந்த வேளையில் இந்தக் கத்தியால்தான் அதற்கு ஆப்பிள் நறுக்கித் தருவாள். குண்டின் மூக்கைச் சீவுகிறாள். சாம்பல் நிறச் சுருள்கள் பனியில் உதிர்கின்றன. டிலி கழுத்தை இழுத்து நீட்டி, உதட்டைக் குவித்து, அவள் மடியைத் துழாவுகிறது.

"இரும்மா, இரு," என்கிறாள்.

தோட்டா உள்ளே போகிறது. இந்தத் தடவை லீவர் முழுதாக மூடுகிறது. டிலி இன்னும் உதட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறது.