செண்டோல் கடைக்கு ஒரு கார்டு மெஷின்

மூன்றாவதாக வந்தவனையும் ரொஹானி அக்கா நிற்க வைத்தே கேள்வி கேட்டாள். முதல் இரண்டு பேர் வந்த வேகத்தில் திரும்பியிருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாளோ என்று தைப்பிங் இரவுச் சந்தையே எட்டிப் பார்த்தது.

அவள் பார்த்தது கார்டு மெஷின். போனோடு ஒட்டி வேலை செய்யும், உள்ளங்கையில் அடங்கும். சந்தையில் அது இல்லாத ஒரே கடை, ஐஸ் துருவி இனிப்புப் பாகு ஊற்றித் தரும் அவளுடைய செண்டோல் கடைதான். காசு கொண்டுவராத வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். இந்த வருஷமும் இப்படியே போனால் கடையைக் கட்டிவிட்டு மகன் வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

அப்படியிருந்தும் கமிஷன் குறைவு என்றவனை வேண்டாம் என்றாள். அன்றன்றைக்கே பணம் பேங்கில் விழும் என்றவனையும் வேண்டாம் என்றாள்.

பக்கத்தில் அப்பம் சுடும் ஹோக் செங்குக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் அக்கா, மெஷினை வாங்கப் போறியா, கட்டிக்கப் போறியா?"

"உன் அப்பம் தீயுது, அதைப் பாரு," என்றாள் அக்கா. பிறகு மூன்றாவது பையனிடம் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, கார்டைத் தட்டினா அவங்க போன்ல என்ன கடைன்னு வரும்?"

"நீங்க என்ன பேர் குடுக்கிறீங்களோ அது வரும், அக்கா. ஆனா எங்க கமிஷன் கொஞ்சம் கூட. ஒரு வருஷத்துக்கு விடவும் முடியாது."

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றாள் அக்கா.

கொள்ளை கமிஷனுக்குத் தலையைக் கொடுத்துவிட்டாளே என்று சந்தை முழுக்க அன்றைக்கு அதே பேச்சு. ஆனால் பத்தே நாளில் கழன்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அத்தனையும் பென்ஷன் வாங்கும் ஆண்கள். ஐஸ் துருவலில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும் வழிய வழியக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அவர்களில் முதல் ஆள் வாத்தியார் ஹம்டான். அவருக்கும் சர்க்கரை, அவர் மனைவி நோரைனிக்கும் சர்க்கரை. கோலாலம்பூரில் நர்ஸாக இருக்கும் மகள் இருவர் கையிலும் காசு புழங்குவதை நிறுத்தி, ஆளுக்கொரு கார்டைக் கொடுத்திருந்தாள். அப்பா கார்டைத் தட்டினாலும் சரி, அம்மா தட்டினாலும் சரி, மகளின் போனும் அம்மாவின் போனும் சேர்ந்து கூவும்.

அன்று சாயங்காலம் வாத்தியார் கார்டைத் தட்டிவிட்டு முதல் கரண்டியை வாயில் வைத்தார். முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு போன் 'டிங்' என்றது.

அந்த 'டிங்' அவருக்குத் தெரியாதா? கிண்ணத்தோடு தேங்காய் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார். எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள் நோரைனி. "ரொஹானி, இந்தச் சந்தையில பாகற்காய் ஜூஸ் கடை எங்கே இருக்கு?"

"பாகற்காய் ஜூஸா?" அக்காவின் கரண்டி நழுவியது.

"இதோ பாரு, இப்பக்கூட அங்கதான் குடிச்சிட்டிருக்காரு! தினமும் குடிக்கிறாரு, சர்க்கரை மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அந்தக் கடைக்காரன் என்னத்தைக் கலக்குறான்னு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

மூட்டைக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா குனிந்து கரண்டியை எடுத்தாள். இவளுக்குத் தெரிந்தால் விடிவதற்குள் ஊரிலுள்ள அத்தனை மனைவிகளுக்கும் தெரியும். அப்புறம் ஏது வியாபாரம்?

"எனக்குத் தெரியலையே, வாத்தியாரம்மா. அந்தக் கோடியில ஒருத்தன் இருந்தான்..."

"கோடி வரைக்கும் போயிட்டுத்தான் வரேன். தொண்டை காயுது, ஒரு பாட்டில் தண்ணி குடு." சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து கார்டை எடுத்தாள்.

"ஐயோ, தண்ணிக்குப் போயி கார்டா? சும்மா எடுத்துக்குங்க, வாத்தியாரம்மா!"

"ஓசியில வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

அக்கா மெஷினை முக்காட்டு நுனிக்குள் இழுத்தாள். நோரைனியின் கை அதைவிட வேகம். மெஷின் 'பீப்' என்றது. போன் 'டிங்' என்றது.

நோரைனி படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு, தேங்காய் மூட்டைக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். அது அவள் வாங்கிக் கொடுத்த செருப்பு.

ஹோக் செங் அப்பத்தைத் தீயவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அதற்குள் போன் அடித்தது. மகள். சந்தை இரைச்சலில் நோரைனி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா! நீயும் பாகற்காய் ஜூஸ் குடிக்க ஆரம்பிச்சிட்டியா? என் தங்கமே! அப்பா மாதிரியே தினமும் குடி, என்ன?"

நோரைனி யாருக்கோ போட்டு வைத்திருந்த கிண்ணத்தின் பக்கம் திரும்பினாள். ஐஸ் மேட்டின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த கருப்பட்டிப் பாகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குதும்மா," என்றாள் கடைசியில். "என்ன செய்யிறது, உடம்புக்கு நல்லதாச்சே."

போனை அணைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ரொஹானி, ஒரு பாகற்காய் ஜூஸ் போடு, பாகு தூக்கலா. மூட்டைக்குப் பின்னால இருக்கிறவருக்குக் கிடையாது."