பந்தி தாமதமான அரைமணி நேரம்

குமாரபாளையம் கல்யாண மண்டபத்தில் மதியப் பந்திக்கு இலை போட்டு, உப்பும் ஜாங்கிரியும் வைத்தாயிற்று. காளிதாஸ் உட்கார்ந்ததுமே சட்டையை ஒதுக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டார். அரைமணி ஆகியும் சோறு வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் வரட்டும் என்று பரிமாறாமல் நிறுத்தியிருக்கிறார்கள். ஜன்னல் வெயில் ஈர இலைகளில் மின்னுகிறது. மேளச் சத்தம் ஓயவில்லை. காளிதாஸ் உப்பை விரலால் இலையெங்கும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் மனைவி ரஞ்சிதா அந்த விரலைப் பார்க்கிறாள். அது நடுங்குகிறது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கட்டிக்காகக் கணையத்தை முழுதாக எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பத்து வருடமாக மாத்திரையில் அடங்கியிருந்த சர்க்கரைதான். அப்போதெல்லாம் சாப்பாடு பிந்தினால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். இப்போது சர்க்கரை இறங்கத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை. குளுக்கோஸ் பொட்டலம் மாடி அறையில் கிடக்கிறது, போய்வர நேரமில்லை.

“ஏனுங்க, என்னையப் பாருங்க.”

வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். ரஞ்சிதா அவருடைய ஜாங்கிரியைப் பிட்டு வாயில் வைக்கிறாள். எதிர்வரிசையில் அவருடைய பெரியம்மா பதறுகிறாள்.

“ஏங்கண்ணு, சக்கரைக்காரனுக்குப் போயி ஜாங்கிரியா?”

“இப்ப இதுதானுங்க அத்தை மருந்து.”

அவர் முகத்தைத் திருப்புகிறார். தாடையைப் பிடித்து, “மென்னு முழுங்குங்க” என்கிறாள். அது தீர்ந்ததும் தன்னுடையதையும் எடுத்து ஊட்டுகிறாள். பாகு அவர் மோவாயில் வழிகிறது. சோற்று வாளி வரிசைக்கு வரும்போது நடுக்கம் நின்றிருக்கிறது. காளிதாஸ் மெல்லத் திரும்பி அவள் இலையைப் பார்க்கிறார்.

“ஏம்புள்ள, உனக்கு ஜாங்கிரி வெக்கலியா?”