முக்கால் அங்குலம்

"இங்க பாரு, உன் குயில்ட் கோணல்!"

சந்தோஷமாகத்தான் சொன்னார் பரமேஸ்வரன். மனைவியிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு டீயில் சீனிகூடத் தேவையில்லை.

சுங்கை வேயில் இருந்த தங்கள் வீட்டு ஹாலில் பழைய கார்பெட்டை விரித்து, அதன்மேல் நனைத்துப் பிழிந்த குயில்ட்டைப் பரப்பியிருந்தாள் புஷ்பவல்லி. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த கனமான போர்வை. எட்டு மாத உழைப்பு. ஈரமாக இருக்கும்போதே இழுத்து, நாலு பக்கமும் சதுரமாக ஊசி குத்திக் காயவைத்தால்தான் சுருக்கமில்லாமல் படியும். மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கண்காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும்.

"எங்கங்க கோணல்? டேப் வச்சு மூலைக்கு மூலை அளந்துட்டேன். ரெண்டு குறுக்களவும் ஒண்ணாத்தான் இருக்கு."

"டேப் எதுக்கு? தரையைப் பாரு! என் டைல்ஸ் கோடு ஒரு பக்கம் போகுது, உன் குயில்ட் ஒரு பக்கம் போகுது."

அந்த டைல்ஸ் அவரே போட்டது. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆபிஸில் கட்டட வரைபடம் போட்டவர். எம்சிஓ ஊரடங்கு சமயத்தில் ஓய்வு பெற்று, வீட்டோடு இருந்தபோது தன் கையாலேயே ஹால் முழுக்கப் போட்டு முடித்தார். யார் வீட்டுக்கு வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே தரையைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

"வருஷா வருஷம் இதே கதைதான். உன் கை நேரா வர மாட்டேங்குது. இதையும் எடுத்துக்கிறாங்கன்னா, அங்க அளக்குறவங்களுக்குக் கண்ணு தெரியாது போல லா!"

வழக்கமாக, அவர் இப்படி ஆரம்பித்ததும் குயில்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் தோழி இராஜம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். "லேபிள் தைக்கணும்" என்பாள். இந்த வருஷம் இராஜம்மா தன் மகளின் பிரசவத்துக்காக ஈப்போ போய்விட்டாள்.

"எழுந்திரு. நானே சதுரம் புடிச்சுத் தரேன்."

"வேணாங்க. இழுத்தா..."

"முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்! எனக்குச் சொல்லித் தரியா?"

ஊசிகளை எல்லாம் பிடுங்கினார். கார்பெட்டின் இந்தப் பக்கம் தெரியும் டைல்ஸ் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கோடுவரை நூல் கட்டினார். நாலு பக்கமும் கட்டி, குயில்ட்டின் ஓரத்தை நூலோடு சேர்த்து இழுத்து இழுத்து ஊசி குத்தினார். வாய் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

புஷ்பவல்லி கையில் டேப்போடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த மூலையையும் குத்திடுங்க."

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மண்டபத்தில் அளக்கும் மேசையில் லோகேஸ்வரி இருந்தாள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தாள். மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையிலும் அளந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஆன்டி, முக்கால் இன்ச் வித்தியாசம் வருது. அரை இன்ச்சுக்கு மேல போனா எடுக்க முடியாது. சாரி ஆன்டி."

"என்னம்மா பேசுற?" என்று பாய்ந்தார் பரமேஸ்வரன். "நூல் கட்டிப் புடிச்சிருக்கேன்! இன்னொரு தடவை அள."

அளந்தாள். அதே முக்கால் இன்ச்.

"எனக்கும் புரியல அங்கிள். எப்பவும் ஆன்டியோடதைத்தான் மத்தவங்களுக்கு சேம்பிள்னு காட்டுவோம். இராஜம்மா ஆன்டி வீட்டு ஹால்லதானே காய வைப்பீங்க ஆன்டி? இந்த வருஷம் எங்க வச்சீங்க?"

புஷ்பவல்லி குயில்ட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"அவரு சரியாத்தான் புடிச்சாரு. என் தையல்தான் கோணல். வயசாச்சு லா, கண்ணு மங்கிடுச்சு."

வீடு திரும்பும்வரை காரில் பரமேஸ்வரனுக்கு அந்த 'சேம்பிள்' என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே வந்தது.

அவள் அரிசி களையப் போனதும், சட்டைகூட மாற்றாமல் அவள் பையிலிருந்த டேப்பை எடுத்தார். கார்பெட்டைச் சுருட்டித் தள்ளி, குயில்ட் கிடந்த இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நீளத்தில் ஐந்து டைல்ஸ், அகலத்தில் ஐந்து டைல்ஸ். மூலைக்கு மூலை அளந்தார். மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையிலும் அளந்தார். டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தார்.

முக்கால் அங்குலம் வித்தியாசம்.

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"புஷ்பம்... என் தரைதான் கோணல்."

அவள் திரும்பவில்லை. அரிசித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மூணாவது வரிசை போடும்போதே தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா பேத்துட்டுத் திரும்பப் போட்டிருப்பேனே! எட்டு மாச வேலை வீணாப்போச்சே. ஏன் சொல்லல?"

"குயில்ட் எங்க போயிடும்? நனைச்சு மறுபடியும் குத்தினா அடுத்த வருஷத்துக்கு ஆச்சு." பானையை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். "ஒரு பிரிவுபசாரம்கூட இல்லாம வேலையை விட்டு வந்து, ரெண்டு மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தீங்க. அந்த மூணாவது வரிசையைப் போட்டு முடிச்சிட்டுத்தாங்க, நீங்களா எழுந்து வந்து, 'பசிக்குது, சோறு போடு'ன்னு கேட்டீங்க."