தரைதட்டும் வண்டி

"வளைவுல திருப்பினா திரும்ப மாட்டேங்குது. நேரா மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போகுதுடா. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

ரிஸ்தென் தன் மோட்டார் பனிவண்டியை ஆஸ்லத்தின் கொட்டகை வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே தம்பியைத் திட்டினாள்.

அக்காவின் திட்டு ஆஸ்லத்துக்குப் புதிதில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறான். ஆனால் இன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

"மேடு பள்ளத்துல எப்படி இருக்கு?" என்றான், முகத்தில் எதையும் காட்டாமல்.

"பின்பக்கம் தொப்பு தொப்புன்னு தரை தட்டுது. என் முதுகு விட்டுப்போச்சு."

அவன் ஸ்பானரைத் தேடி எடுத்தான்.

பனிமான் மந்தையைக் கடற்கரை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் நாள் நெருங்கிவிட்டது. சாயங்காலம் மந்தையைச் சேர்ந்து மேய்க்கும் கூட்டத்தார் கூடுவார்கள். ரிஸ்தென் இந்த வருடம் வண்டி ஓட்டுவாளா, இல்லை தோலைப் போர்த்தி மூட்டை முடிச்சோடு, வண்டிக்குப் பின்னால் கட்டும் இழுவைப் பலகையில் உட்காரவைப்பதா என்று அவனைத்தான் கேட்பார்கள்.

அவள் தேறிவிட்டாளா என்பது அவனுக்கே தெரியாது.

இலையுதிர் காலத்தில், வயிற்றில் பாதியை வெட்டியெடுத்து அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். காரிலிருந்து அவன்தான் தூக்கி இறக்கினான். ஒரு மான்கன்றுகூட அவளைவிடக் கனக்கும். அன்று கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதான்.

அதன் பிறகு எடையைப் பற்றி யாரும் அவளிடம் வாய் திறக்க முடியவில்லை. நாய்க்கூண்டின் கால் ஆடுகிறதென்று வீட்டிலிருந்த எடைக்கருவியை அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டாள். ஆஸ்லத் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

"உன்கிட்ட எத்தனை மான் இருக்குன்னு எவனாவது கேட்டிருக்கானாடா?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் பக்கம் ஒருவனிடம் அவனுடைய மான்கணக்கைக் கேட்பது, அவன் சட்டைப்பைக்குள் கையை விடுவதற்குச் சமம்.

முகத்தை வைத்தும் சொல்ல முடியாது. மாத்திரைகள் முகத்தை மட்டும் உப்ப வைத்திருந்தன. உடம்பு கம்பளிக்குமேல் கம்பளிக்குள் ஒளிந்திருந்தது. அவன் கொடுத்தனுப்பும் எலும்புச் சாற்றை அவள் குடிக்கிறாளா, நாய்க்கு ஊற்றுகிறாளா என்பதும் சந்தேகம்தான். நாய் நன்றாகவே கொழுத்திருந்தது.

முதல் பனி விழுந்த வாரம் அவன் ஒரு திருட்டு வேலை செய்திருந்தான். அவளுக்குத் தெரியாமல் அவள் வண்டியின் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டான். அதற்கு ஐந்து படி உண்டு; ஓட்டுபவரின் எடை கூடக் கூடப் படியை ஏற்ற வேண்டும். பழைய ரிஸ்தெனுக்கு எப்போதும் நாலாவது படி. இந்தப் பஞ்சு உடம்பை வைத்துக்கொண்டு நாலிலேயே விட்டால், மேட்டுக்கு மேடு வண்டி அவளைத் தூக்கிப்போடும், தையல் பிரிந்துவிடும். அதனால் முதல் படிக்கு இறக்கி வைத்தான். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் உடைந்துபோயிருப்பாள்.

இப்போது பின்பக்கம் தட்டுகிறதாம்.

பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் எழும்பும். வண்டியைத் திருப்பும் முன்சறுக்குகள் பனியைக் கவ்வாது. வளைவில் வண்டி நேராக ஓடும். அவள் திட்டியதெல்லாம் சரிதான். முதல் படி அவளைத் தாங்கவில்லை. அக்காவுக்குச் சதை பிடித்திருக்கிறது!

"இறங்கு, பாக்கறேன்" என்றான்.

பனியில் பக்கவாட்டில் படுத்து ஸ்பானரை உள்ளே விட்டான். ஒரு படி ஏற்றினால் போதும் என்று நினைத்தான். இரண்டாவது படி என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்று அர்த்தம். சந்தோஷம்தான். ஆனாலும் அத்தனை தூரம் ஓட்ட அது போதாது. இழுவைப் பலகைதான் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதை இவளிடம் யார் சொல்வது?

ஸ்பிரிங் முதல் படியில் இல்லை.

ஒட்டியிருந்த பனியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். மூன்றில் இருந்தது. எழுந்து சுற்றிப்போய் மறுபக்கமும் படுத்துப் பார்த்தான். அங்கும் மூன்றுதான்.

அவன் தொடவில்லை. ரிஸ்தெனின் வண்டியில் கைவைக்க ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொட்டகை வாசலில் அவன் வைத்திருந்த காப்பிக் கோப்பையிலிருந்து, அதில் ஊறப்போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அப்படியானால் அவன் இறக்கியது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்காமல், உடம்பு தேறத் தேற அவளே ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று வரைக்கும் தானே ஏற்றியவளுக்கு நாலாவதற்கு மட்டும் தம்பி எதற்கு?

யோசித்ததுமே விளங்கிவிட்டது. பழைய எடைக்கு வந்துவிட்டதை வாயால் சொல்லாமல், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திச் சொல்கிறாள். கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. அப்படியே பனியில் கிடந்தான்.

"என்னடா, அங்கேயே தூங்கிட்டியா?"

ஆஸ்லத் ஸ்பானரைப் போட்டு நாலாவது படிக்குத் திருப்பினான். மறுபக்கமும் திருப்பினான். எழுந்து முழங்காலில் ஒட்டிய பனியை வேண்டிய மட்டும் நிதானமாகத் தட்டினான். எத்தனை கிலோ என்று அவன் கேட்கவில்லை.

"அக்கா, மந்தையோட கிளம்பறப்போ நீ முன்னாடி போறியா, இல்ல எனக்குப் பின்னாடி வர்றியா?"

ரிஸ்தென் காலியான கோப்பையை அவன் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"உன் வண்டிப் புகையை நான் எதுக்குடா குடிக்கணும்?" என்றாள்.