குட்டிக் காவல்

“போயும் போயும் இந்த எலிக்குஞ்சையாடா வாங்கினே?”

கிடங்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய அக்காவைப் பார்த்து, வாட்ச்மேன் தம்பியின் நாற்காலிக்கடியிலிருந்து குட்டி நாய் குரைத்து ஊரைக் கூட்டியது.

“நாளெல்லாம் தனியா உட்கார்ந்திருக்கேன். ஒரு துணை வேணாமாக்கா?”

“உனக்கே சோறு நான்தான் கொண்டு வரேன். இதுல உனக்கொரு துணையா? திருடன் வந்தா இது என்னடா பண்ணும்?”

“குரைக்கும்ல!”

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு ஆள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நாய் அவருக்கு வாலை ஆட்டியது.

“வழியில போறவனுக்கெல்லாம் வாலாட்டுது, என்கிட்ட மட்டும் எரிஞ்சு விழுது!”

“பழகினா சரியாயிடும்க்கா” என்று தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

ஒரு மாதம் பிஸ்கட் போட்டும் சரியாகவில்லை. அவள் தெருமுனையில் திரும்பும்போதே குரைக்க ஆரம்பித்துவிடும்.

அன்று ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தாள். நாய் மூச்சுக்கூட விடவில்லை. ஓடி வந்து அவள் காலை நக்கியது. நாற்காலியில் தம்பி வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஆக, நாய்க்கு அவள்மேல் கோபமே இல்லை. அவளுடைய ஸ்கூட்டர் சத்தத்துக்கு மட்டும் குரைக்கப் பழக்கி வைத்திருக்கிறான்!

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து செக்யூரிட்டி கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தம்பியின் தோளைத் தட்டினாள்.

“எழுந்திருங்க சார். சூப்பர்வைசர் வந்திருக்கேன்.”